படிக்கட்டில் வந்த சந்தேகம்

குரோம்பேட்டையிலிருந்து சிறுசேரிக்குப் போய்வரவே பொழுது சரியாகிவிடுவதால், அலுவலகத்தில் மதிய இடைவேளையில் உடற்பயிற்சிக்காக மாடிப்படி ஏறி இறங்கத் தொடங்கினேன். போனில் பாட்டு கேட்டபடி ஏறுவேன்.

சில நாட்களிலேயே டீம் லீடர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். புது ப்ராஜெக்டிலிருந்து என் பெயரையும் எடுத்துவிட்டார். காரணம் கேட்டேன்.

"தினமும் போனோட படிக்கட்டுக்குப் போறீங்க. வேற கம்பெனி இன்டர்வியூதானே?"

"எக்சர்சைஸ் சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

எங்கள் அலுவலகத்தில் ரகசியமாகப் பேச அந்தப் படிக்கட்டை விட்டால் வேறு இடமில்லை. அதனால் இப்போதெல்லாம் போனை அவர் மேஜையில் வைத்துவிட்டுத்தான் ஏறுகிறேன். ப்ராஜெக்டும் திரும்பக் கிடைத்தது.

நேற்று மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவரே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் காதிலிருந்த போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"சும்மா, வாக்கிங்" என்றார்.

அவர் சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.