அம்மாவாசியின் வேனில் இருந்த கோளாறு

கம்பத்து ஜீப் ஸ்டாண்டில் அம்மாவாசிக்கு நல்ல பெயர். குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான். ஊரான் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றியே பாதி ஆயுசைக் கழித்தவன், நாற்பது வயதுக்கு மேல்தான் பழைய பெட்ரோல் வேன் ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டான். மகள் சினேகாவுக்குப் பிறவியிலேயே நெஞ்சில் ஓட்டை. மூச்சு முட்டும்போதெல்லாம் அவளைத் தேனி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்ததால்தான் அந்த வேனையே வாங்கினான்.

ராமுத்தாய் சும்மா இருப்பாளா? பெற்றவள் அல்லவா. குலசாமிக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் திருநீற்றை முடிந்து, மகள் போய்வரும் வண்டியிலேயே இருக்கட்டும் என்று சோக் குமிழை இழுத்து, அதன் கழுத்தில் இறுக்கச் சுற்றிக் கட்டிவிட்டாள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுத்து, கிளம்பியதும் உள்ளே தள்ளிவிடுகிற குமிழ் அது. கம்பத்து வெயிலுக்கு அதைத் தொடும் வேலையே வராது. துணி தடுத்துக்கொண்டதால் குமிழ் பாதி வெளியிலேயே நின்றுவிட்டது. எஞ்சினுக்குக் காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சியது. இந்தச் சின்ன விஷயம் அங்கே ஒருவருக்கும் புரியவில்லை, பாவிகள்.

வேன் கரும்புகை கக்கியது, இழுவை இல்லை. ராமுத்தாயின் தம்பி ஒச்சாண்டி மெக்கானிக். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரியாக இருந்தது.

“பெட்ரோல சாஸ்தியாக் குடிக்குது மாமா. காத்து பத்தல.”

ஃபில்டரைத் தட்டி மாட்டினான். கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஊசியை மாற்றினான். புகை நிற்கவில்லை.

“சோக்கப் பாத்தியா மாப்ள?” என்று அம்மாவாசி கேட்கத்தான் செய்தான்.

“அங்கனதேன் சாமி முடிச்சு கெடக்கே. இன்னிக்குக் கறி தின்னுட்டேன், நான் எங்கிட்டுத் தொட? உள்ளதேன் கெடக்கு மாமா, விடுங்க.”

முடிச்சின் பருமனில் குமிழ் உள்ளே இருப்பது போலத்தான் தெரிந்தது. நேர்த்தி தீராமல் அவிழ்த்தால் பிள்ளைக்கு ஆகாது என்ற பயம் அம்மாவாசிக்கும் இருந்தது. அதோடு விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் பட்டப்பகலில் சினேகாவுக்கு உதடு நீலம் பூத்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ராமுத்தாய் ஏறினாள். உத்தமபாளையம் தாண்டியதும் எஞ்சின் திக்கித் திணறி நின்றது. அம்மாவாசி இறங்கி, சுடச்சுடப் பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்து மாட்டினான். கிளம்பியது. மார்க்கையன்கோட்டை விலக்கில் மறுபடியும் நின்றது.

“பஸ்ஸக் கை காட்டி நிப்பாட்டுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

“இந்தா கெளம்பிரும் ராமுத்தாயி, இந்தா…”

கிளம்பவில்லை. பஸ் ஒன்று கடந்து போனது. கடைசியில் திராட்சை ஏற்றிவந்த ஒரு லாரிதான் அவர்களை ஏற்றிக்கொண்டது. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

காரியம் முடிந்த மறுநாள் ராமுத்தாய், “இனி அந்த முடிச்சு எதுக்கு? கொண்டுபோயி ஆத்துல விட்ருங்க” என்றாள். வழியில் நின்றதைக் கட்டி இழுத்துவந்து வாசலில் போட்டிருந்த வேனில் ஏறி அம்மாவாசி அவிழ்த்தான். கை பட்டதும் குமிழ் உள்ளே போனது. ஆற்றுக்குப் போக வண்டியைக் கிளப்பினான். புகையும் இல்லை, திக்கலும் இல்லை. வாங்கின நாளில் கேட்ட அதே சத்தம். கோளாறு அந்த முடிச்சில்தான் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே அரளி விதையை அரைத்துக் குடித்துவிடுவாள். அதில் அவனுக்குத் துளியும் சந்தேகமில்லை.

சத்தம் கேட்டு, வீட்டில் துக்கத்துக்கு இருந்த ஒச்சாண்டி ஓடிவந்தான். அம்மாவாசியின் கையில் துணியையும் உள்ளே போயிருந்த குமிழையும் பார்த்தான். அதற்குள் ராமுத்தாயே வாசலுக்கு வந்துவிட்டாள்.

“இப்ப மட்டும் எப்படி ஓடுது?”

ஒச்சாண்டிதான் முந்திக்கொண்டான்.

“ஊசி அக்கா. நான் மாட்டுனது கோளாறு. நேத்துத்தேன் வேற மாத்துனேன்.”

“எம் பிள்ளையக் கொன்னது நீயாடா?”

“ஆமாக்கா.”

இல்லை என்று சொல்ல அம்மாவாசிக்கு ஒரு நொடி இருந்தது. சொல்லவில்லை. அவள் இரண்டு கையாலும் மண்ணை வாரித் தம்பி தலையில் இறைத்தாள். அவன் துடைக்காமலே தெருவில் இறங்கிப் போனான்.

அதன் பிறகு அவனை வாசல் ஏற விடவில்லை அவள். வேனை விற்றுவிட்டு அம்மாவாசி மறுபடி ஊரான் ஜீப்புக்கே போனான். ராத்திரி சோறு போடும்போதெல்லாம் அவள் தம்பியின் பேரைச் சொல்லி, அவன் வம்சம் விளங்காமல் போக வேண்டும் என்று சபிப்பாள். நடுவில் நிறுத்தி, “நான் சொல்றது சரிதானே?” என்று அம்மாவாசியைக் கேட்பாள்.

அவன் சோற்றைப் பிசைந்தபடி, “சரிதேன்” என்பான்.