ஐம்பத்தைந்து இன்ச் டிவியில் என் கட்டுரை

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என் மானம் போகும் இடங்களையும் சேர்த்து!

இன்று மாலை நாலரை மணிக்கு என் லேப்டாப் திரை ஒரேயடியாக இருண்டுவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாசகர் வட்டம் நடத்தும் கட்டுரைப் போட்டிக்கு ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். தலைப்பு 'எங்கள் வீட்டில் ஒரு நாள்'.

கட்டுரை அந்த லேப்டாப்புக்குள் மட்டும்தான் இருந்தது. (ஆம், வேறெங்கும் சேமிக்கவில்லை. திட்டுகிறவர்கள் வரிசையில் வரவும்.)

தெருமுனையில் செல்போன் கடை வைத்திருக்கும் காதர் மாமாவிடம் ஓடினேன்.

"டிஸ்ப்ளேதான் போச்சு. உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த எச்டிஎம்ஐ கேபிளக் கொண்டு போயி டிவியில மாட்டு."

மாட்டினேன். கட்டுரை வந்துவிட்டது!

ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அகலம். ஒரு வரி படிக்கக் கழுத்தை இடமிருந்து வலமாக முழுதாகத் திருப்ப வேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல். டிவி வாங்கி இரண்டு வருடமாகியும் திரைமேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் ஷீட்டை அம்மா உரிக்க விடவில்லை. "புதுசு கெட்டுப் போகும்" என்பார். சீரியல் முகங்களுக்கு அது போதும். எழுத்துக்கோ ஷீட்டின் காற்றுக் குமிழ்களே எமனாகிவிட்டன!

பிழை திருத்திக்கொண்டிருந்தபோது, தன் பிளாஸ்டிக் சாமான் கடையிலிருந்து அத்தா (என் அப்பா) வந்தார்.

"ஏயப்பா, எம்புட்டுப் பெரிய எழுத்து! கடை போர்டு மாதிரில்ல இருக்கு!"

சத்தமாகப் படிக்கவே தொடங்கிவிட்டார்.

"'அத்தாவுக்குச் சுகர். ஆனால் கடைக்கு எதிரே தினமும் இரண்டு முறை சீனி போட்ட டீ குடிப்பார். அம்மாவுக்குத் தெரி...'"

குரல் அங்கேயே நின்றுவிட்டது.

"ஏட்டி, இத எடுத்துரு" என்று கிசுகிசுத்தார்.

எடுத்தால் கட்டுரை பொய். எடுக்காவிட்டால் அத்தா காலி. என் விரல் டெலீட் பட்டன்மேல் போய் நின்றது. மணி ஐந்தரை.

அதற்குள் அம்மா அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டார். ஃபோன் எழுத்துகள் அவர் கண்ணுக்குப் பிடிபடாது. இது அங்கிருந்தே தெரிந்தது!

"ஏங்க, நெசமாவா?"

"ஒரு டீதான் குடிக்கேன்..."

"அதுல ரெண்டுன்னுல்ல போட்டுருக்கு!"

அத்தா என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

அம்மாவின் கண் அடுத்த பத்திக்கு இறங்கியது. அது அவரைப் பற்றியது. உதடசைத்து மெதுவாகப் படித்தார்.

'அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். சாமான் மடித்து வரும் பேப்பரைப் படிக்காமல் கசக்க மாட்டார். பாதியில் கிழிந்த செய்தி என்றால், மீதி என்ன ஆகியிருக்கும் என்று என்னிடம் கேட்பார்.'

கடைசி வரிமேல் சரியாக ஒரு பெரிய குமிழ்.

"அங்கன என்ன எழுதிருக்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்று மழுப்பினேன்.

அம்மா நேராக டிவியிடம் போனார். மூலையில் நகத்தைக் கொடுத்தார்.

சர்ர்ர்ர்ர்!

இரண்டு வருட ஷீட் மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது! (அத்தாவுக்கு ஒரு நிமிஷம் டீ விஷயமே மறந்துபோனது.)

'நான் எழுதுவதை அம்மாவிடம் இதுவரை காட்டியதில்லை. வெட்கம்.'

அம்மா அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு எழுத்தக்கூட எடுக்காத. அனுப்பு."

"டீயுமா?" என்றார் அத்தா, பாவமாக.

"அதத்தான் மொதல்ல அனுப்பணும்!"

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அனுப்பிவிட்டேன்!

பரிசு கிடைக்குமா, தெரியாது. கேபிளைக் கழற்றப் போனேன்.

"எதுக்குக் கழத்துற? இதுக்கு முன்ன எழுதுனதும் இருக்கும்ல, ஒவ்வொண்ணாப் போடு."

"சீரியல் போட்டுருவானேம்மா?"

"அவன் நாளைக்கும் போடுவான்."

அத்தாவை நகரச் சொல்லிவிட்டு, சோஃபாவின் நடுவில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். டியூப் லைட் திரையில் பட்டுக் கண் கூசுகிறதாம். போய், வீட்டு விளக்குகளை எல்லாம் அவரே அணைத்துவிட்டு வந்தார்.