ஓவர் சொல்லும் வரை

காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விற்பவள் நான். வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது. வருகிறவர் "ஒரு பச்சைல..." என்று ஆரம்பிக்கும்போதே, "கல்யாணத்துக்குங்களா, மாமியாருக்குங்களா?" என்று கேட்டு நாலு சேலையை விரித்துப் போட்டிருப்பேன். அடுத்தவர் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்குவதில் என்னை மிஞ்ச எங்கள் கடையில் ஆள் கிடையாது. இப்படிப்பட்டவளுக்கு ஆண்டவன் கொடுத்த ஒரே மகளுக்குப் பேச்சு திக்கும்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 'க'வில் தொடங்கும் சொல் வந்தால் போதும், அப்படியே நின்றுவிடுவாள். கண்ணை இறுக்கி மூடி, கழுத்து நரம்பு புடைக்க அவள் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. நானே முடித்துவிடுவேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் நான், ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நான், தாராபுரத்திலிருந்து அவள் அத்தை போனில் கூப்பிட்டால் பக்கத்திலிருந்து பதில் சொல்வதும் நான். நான் மட்டுமா? எங்கள் பக்கத்து மனிதர்கள் இளகிய மனசுக்காரர்கள். அவள் திணறினால் கடைக்காரர், வரிசையில் நிற்பவர் என்று ஆளுக்கொரு வார்த்தை எடுத்துக் கொடுப்பார்கள். அவள் எதற்கோ தலையாட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வாள்.

அந்தப் பிள்ளைதான் ஒருநாள் பள்ளி விட்டு வந்து, விண்வெளி நிலையத்தில் இருக்கிறவர்களோடு ரேடியோவில் பேசப் போகிறேன் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் நான் நடுவில் புகுந்து இரண்டு தரம் தப்பாக முடித்து வைத்தேன்.

அவளுடைய இயற்பியல் டீச்சர், பொழுதுபோக்காக ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேசுகிறவர்களுக்குத் தரும் ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருப்பவர். பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பள்ளி மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டியிருந்தார். விண்வெளி நிலையம் நம் வானத்தைக் கடந்துபோகும் பத்து நிமிடத்துக்குள் பத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வி கேட்டுவிட வேண்டும். அதற்கு மேல் சத்தம் எட்டாது. பெற்றோர் கூட்டத்தில் இதையெல்லாம் அவர் பொறுமையாக விளக்கினார்.

"இது போன் மாதிரி இல்லீங்க. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். மைக்குல இருக்கற பட்டனை அமுக்கிப் புடிச்சிருக்கற வரைக்கும் பேச்சு நம்முளுது. 'ஓவர்'னு சொல்லிப் பட்டனை உட்டாத்தான் அவங்க பேசுவாங்க."

கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மா என் பக்கத்தில் வந்தார். அவருடைய பையன்தான் வரிசையில் கடைசி. அவனுக்கு முன்னால் என் மகள்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. நேரமே கொஞ்சந்தான். உங்க பாப்பா கேள்வியையும் சேத்தி எங்க பையனே கேட்டுப்போட்டா என்னங்க?"

"எம்புள்ளைக்கும் வாய் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். டவுன் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். அந்த அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. இவள் ஒரு நிமிடம் நின்றுபோனால் அவன் வாய்ப்பு போச்சு. அதோடு, மொத்தப் பள்ளிக்கூடமும் இவளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வீட்டில் டிவி ரிமோட்டை மைக்காகப் பிடித்துக்கொண்டு பழகினாள். அங்கே அமைதியாக இருக்குமா என்பது அவள் கேள்வி. ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். 'இஸ் இட்' வரைக்கும் சரளமாக வரும். அடுத்தது 'க்வையட்'. அங்கே நிற்பாள்.

"சைலன்ட்டுன்னு மாத்திக்க கண்ணு" என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். மறுபடியும் 'க்... க்...' என்று அவள் முட்டியபோது பொறுக்கமாட்டாமல் அடுப்படியிலிருந்து "க்வையட்!" என்று கத்தினேன்.

ரிமோட்டை இறக்காமலே திரும்பிப் பார்த்தாள். "நான் பட்டனை அமுக்கிட்டிருக்கறனுங்மா. இப்ப நீங்க பேசுனா க... கேக்காது."

கரண்டியும் கையுமாக நின்றேன். போன் அடித்தால் ஓடி ஒளிகிறவள் ரேடியோவைத் தேடிப் போனது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. அதில் அவள் வார்த்தையை யாராலும் பிடுங்க முடியாது.

அந்த நாளும் வந்தது. பள்ளி அரங்கம் நிறைந்திருந்தது. டீச்சர் திரும்பத் திரும்ப அழைத்தார், ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள், மேலிருந்து பதில் வந்தது.

என் மகள் முறை. மைக்கை வாங்கிப் பட்டனை அழுத்தினாள். ஸ்பீக்கரில் இரைச்சலும் நின்றது.

"இஸ் இட்... க்... க்..."

பின்வரிசையில் யாரோ "சொல்லு கண்ணு, சொல்லு" என்று முணுமுணுத்தார்கள். கடைசிப் பையன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் மைக்குக்குக் கை நீட்டவில்லை. என் வாய்க்குள் அந்தச் சொல் முழுசாக உட்கார்ந்திருந்தது. முந்தானையை வாயில் அடைத்துக் கடித்துக்கொண்டேன். இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை. பட்டனிலிருந்து கட்டைவிரலையும் எடுக்கவில்லை. எங்களுக்கு மேலே எங்கேயோ பறந்துகொண்டிருந்த ஒரு மனிதன், குறுக்கே பேச வழியில்லாமல், அவளுக்காகக் காத்திருந்தான்.

"க்... க்வையட் அப் தேர்? ஓவர்."

மேலிருந்து வந்த பதில் என் கடை இங்கிலீஷுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை டீச்சர் பிறகு சொன்னார். அமைதியே கிடையாதாம். காற்று ஓட மின்விசிறிகள் எந்நேரமும் இரைந்துகொண்டே இருக்குமாம். திடீரென்று சத்தம் நின்றால்தான் எல்லோரும் பதறிப்போய் என்னவென்று பார்ப்பார்களாம்.

கடைசிப் பையன் ஒரே மூச்சில் கேட்டு முடித்தான். அவனுக்குப் பாதிப் பதில் கிடைத்தது, மீதி இரைச்சலில் கரைந்தது. அந்தப் பாதிக்கே அவன் குதித்தான். அவனுடைய அம்மா என்னைப் பார்த்துச் சிரித்ததில் கொஞ்சம் கடுப்பும் இருந்தது. இருக்காதா பின்னே.

எனக்கோ அழுகை நிற்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மகள் வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"க... க..."

'கேட்டுச்சாம்மா' என்றுதான் கேட்கப் போகிறாள் என்று எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. நன்றாகக் கேட்டது என்ற பதிலும் நாக்கு நுனியில் தயார். விழுங்கினேன். ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அவள் முகத்தையே பார்த்தபடி நின்றேன்.

"க... கஷ்டமா இருந்துச்சுங்களாம்மா, இத்தனை நேரம் பேசாம இருந்தது?"