பெரிஹான் மேல் ஒரு புகார்க் கடிதம்

எங்கள் கும்யாலி கால்பந்துக் கிளப்பின் புகார்க் கடிதங்களை இருபத்திரண்டு வருஷமாக எழுதி வருபவன் நான்தான். பெயர் நியாஸி, தொழில் மீன் கடை. நெத்திலி விற்றுக் கூவிக் கூவி விரிந்த தொண்டை என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவர்களைத் திட்டும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. ஞாயிறன்று கத்தியதைத் திங்களன்று கொஞ்சம் மரியாதை சேர்த்து எழுதி மாவட்ட நடுவர் குழுவுக்கு அனுப்புவேன். 'இந்த ஆளை இனிமேல் எங்கள் ஆட்டத்துக்கு அனுப்ப வேண்டாம்' என்று கடிதம் முடியும். துருக்கியின் கருங்கடல் ஓரத்தில் எல்லாக் கிளப்பும் இதைத்தான் செய்கிறது. குழுவும் படித்துவிட்டு அடுத்த வாரம் அதே ஆளை அனுப்பி வைக்கும்.

பெரிஹான் எங்கள் ஊர்த் தபால்காரி. எங்கள் ஊரில் சமதரை என்று சொல்ல மைதானமும் மசூதி முற்றமும்தான் உண்டு, மற்றதெல்லாம் படிக்கட்டு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அத்தனை படியும் ஏறி இறங்குகிறவளுக்குத் தொண்ணூறு நிமிஷ ஓட்டம் எம்மாத்திரம்? பள்ளியில் பெண்கள் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தாள். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்கு அப்பாவின் தடை என்று பதினொன்று ஏழாகி, ஏழு நாலாகி, அணி கலைந்தது. பந்துதான் போயிற்று, விசிலாவது கிடைக்கட்டும் என்று பத்தொன்பது வயதில் நடுவர் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். முப்பத்தோரு பேரில் அவள் ஒருத்திதான் பெண். இரண்டு வருஷம் சிறுவர் ஆட்டங்கள். அங்கே அம்மாக்கள் வந்து கத்துவார்கள், அவர்கள் எதிரில் நானெல்லாம் பரம சாது. பிறகு ஓரத்தில் கொடி பிடித்தாள், அதற்கும் பிறகுதான் நடுவில் விசில். சொந்த ஊர் ஆட்டத்துக்கே அவளை அனுப்பலாமா என்று கேட்காதீர்கள். மாவட்டத்தில் இருக்கும் நடுவர்களே அவ்வளவுதான், அவளும் எங்களிடம்தான் கூடுதல் கறாராக இருப்பாள்.

எங்கள் மைதானத்தில் அவள் முதன்முதலாக விசிலோடு இறங்கிய நாளை மறக்க முடியாது. பத்தாவது நிமிஷத்தில் எங்களுக்கு எதிராக ஒரு ஃப்ரீ கிக் கொடுத்தாள். நான் எழுந்து வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. என் கைவசம் இருந்த சரக்கெல்லாம் ஆம்பிளை நடுவர்களுக்கென்று சேர்த்தது. அதை ஒரு பொம்பிளை காதில் போட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்க்கிறார்கள். கடைசியில், "வீட்டுக்குப் போய்க் கோஸ் இலையில சாதம் சுருட்டும்மா" என்று கத்தி வைத்தேன். இடைவேளையில் அவள் நேராகக் கம்பி வேலிக்கு வந்தாள்.

"சுருட்டி அடுப்புல வச்சிட்டுத்தான் வந்திருக்கேன் அண்ணே. அது வேகுறதுக்குள்ள ஆட்டத்தை முடிச்சிரலாம், நீங்க உக்காருங்க."

எங்கள் ஆட்களே கை தட்டினார்கள். துரோகிகள்.

அப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. நடுவர் என்றால் எங்கள் பக்கம் 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவோம், திட்டுவதற்கு முன்னால்கூட. அவளை மட்டும் எல்லாரும் 'அக்கா' என்றோ 'தங்கச்சி' என்றோதான் கூப்பிட்டோம். ஒவ்வொரு தடவையும் அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். என்னை இரண்டு முறை மைதானத்தைவிட்டு வெளியேற்றியிருக்கிறாள். மறுநாள் காலையில் மின்சார பில்லைக் கொண்டுவந்து நீட்டி, தொண்டை சரியாயிற்றா என்று விசாரித்துவிட்டும் போவாள்.

போன வசந்தத்தில்தான் விஷயம் முற்றியது. மாவட்டப் பட்டியலிலிருந்து மேல் பட்டியலுக்குப் போக வயது வரம்பு உண்டு. பெரிஹானுக்கு அந்தக் கோடையோடு அது முடிகிறது. போனால் பெரிய ஊர்கள், புல் மைதானம். போகாவிட்டால் கடைசிவரை எங்கள் சேறும் என் தொண்டையும்தான். அவள் புருஷன் யாஷார் மினிபஸ் ஓட்டுகிறவன். அவளுடைய கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போடுவதும் அவன்தான். இந்த ஒரு ஆட்டத்தில் நல்ல மார்க் வந்தால் போதும் என்று வண்டியில் ஏறியவன் இறங்கியவன் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். மார்க் போட மாவட்ட நடுவர் குழுவிலிருந்து ரிஃபாத் பே என்ற பெரியவர் வந்து, நோட்டும் கையுமாக மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்கும் கராபினார் அணிக்கும் ஆட்டம். எண்பத்தெட்டாவது நிமிஷம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் ரொட்டிக்கடை செர்கான் பந்தோடு பாய்கிறான், பின்னாலிருந்து ஒருவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறான், பெரிஹான் விசில் ஊதுகிறாள். செர்கானோ விழவில்லை. தடுமாறியபடியே உதைத்தான், பந்து வலைக்குள் போய்விட்டது. அரை வினாடி பொறுத்திருந்தால் கோல். விசில் ஊதிய பிறகு போனது கோல் இல்லை.

ஆட்டக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். வேறு நடுவராக இருந்தால் ஆஃப்சைடு என்றோ கையில் பட்டது என்றோ அடித்துவிட்டிருப்பார். நாங்களும் நம்பாமல் கத்தியிருப்போம், எல்லாம் முறைப்படி நடந்திருக்கும். அவள் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினாள். மேல் வரிசைவரை கேட்டது அவள் குரல்.

"நான் அவசரப்பட்டு ஊதிட்டேன். தப்பு என்னோடது. ஆனா ஊதினப்புறம் கோல் கொடுக்க முடியாது. ஃப்ரீ கிக் எடு, செர்கான்."

நடுவர் வாயால் தப்பு என்ற சொல்லை நாங்கள் கேட்டதே இல்லை. அதற்கு என்ன பதில் கத்துவது என்று எவனுக்கும் தெரியவில்லை. செர்கான் பந்தை வைத்தான், உதைத்தான், அது வேலியைத் தாண்டிக் கடலில் போய் விழுந்தது. ஆட்டம் சமன். ரிஃபாத் பே நோட்டில் நீளமாக ஏதோ எழுதுவதைப் பார்த்தபோது எனக்குக் கோல் போன துக்கமே மறந்துவிட்டது.

அங்கேதான் நான் புத்தி கெட்டுப்போனேன். மார்க்கைக் குறைத்துவிடப் போகிறாரே என்று பயந்து, திங்கட்கிழமை வழக்கமான கடிதத்துக்குப் பதிலாக அவளைப் புகழ்ந்து ஒன்று எழுதினேன். நேர்மையானவர், திறமையானவர், எங்கள் ஆட்டம் அனைத்துக்கும் இவரையே அனுப்புங்கள் என்று எழுதி, டீக்கடையில் உட்கார்ந்திருந்த அறுபத்துநாலு பேரிடம் கையெழுத்தும் வாங்கி அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கொண்டுவந்தவளும் பெரிஹான்தான். கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன். பிரிக்கச் சொன்னாள், பிரித்தேன். கோல் பறிபோன கிளப் நடுவரைப் புகழ்வது குழுவின் வரலாற்றிலேயே இல்லையாம். கிளப்புக்கும் அவளுக்கும் நடுவில் என்ன கைமாறியது என்று தெரியும்வரை அவள் பெயர் பட்டியலில் சேராதாம். ரிஃபாத் பே மார்க்கைக் கழித்தும், மேலே போகத் தேவையானது அவளுக்கு வந்துவிட்டிருந்ததாம். இதை அவளே சொன்னாள், நெத்திலித் தட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஒம்பது வருஷம் திட்டினீங்க அண்ணே, எனக்கு ஒண்ணும் ஆகல. ஒரே ஒரு நாள் புகழ்ந்தீங்க, விசாரணை வந்திருச்சு."

"இப்ப நான் என்னம்மா செய்யட்டும்?"

"எனக்கு நல்லது மட்டும் செய்யாதீங்க."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கண் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு மீனைக்கூடச் சரியாக நிறுக்க முடியவில்லை. அவமானமாக இருந்தது.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, எனக்கு எழுதத் தெரிந்ததையே எழுதினேன். பொய் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கடிதம் இதுதான்:

'முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம். மேற்படி நடுவர் மேல் எங்கள் புகார்கள். எண்பத்தெட்டாவது நிமிஷம் எங்கள் கோலைக் கெடுத்தார். கெடுத்ததை ஊரறிய ஒப்புக்கொண்டார். அதனால் அவரைத் திட்டும் எங்கள் உரிமை பறிபோனது. ஒன்பது வருஷத்தில் என்னை இரண்டு முறை வெளியேற்றினார், இரண்டு முறையும் தப்பு என் பேரில்தான் இருந்தது, அது இன்னும் மோசம். கைமாறியது என்ன என்று கேட்டிருந்தீர்கள். நானாகக் கொடுத்த நெத்திலியைக்கூட அவர் ஒரு நாளும் ஓசியில் வாங்கியதில்லை. இந்த ஆளை இனிமேல் எங்கள் ஆட்டத்துக்கு அனுப்ப வேண்டாம். மேலே எங்காவது அனுப்பித் தொலையுங்கள்.'

குழுத் தலைவர் இதை எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார் என்று பின்னால் தெரிந்தது. இப்படிப்பட்ட கடிதத்தைத்தான் அவர்கள் நம்புவார்கள். ஜூனில் பட்டியல் வந்தது, அதில் பெரிஹான் பெயர் இருந்தது. அன்று அவள் ஒரு கிலோ மீன் வாங்கினாள், காசை எண்ணி வைத்தாள். வாசலில் திரும்பி நின்று சிரித்தாள் பாருங்கள், எனக்கு அது போதும்.

மேல் பட்டியலில் அவளுடைய முதல் ஆட்டம் சாம்சுனில். யாஷாரின் மினிபஸ்ஸில் பதினாலு பேர் அடைத்துக்கொண்டு போனோம். மைதானத்தில் போய் உட்கார்ந்ததும் அவன் மடியில் ஒரு பெரிய பாத்திரம். எங்களுக்கு முன் வரிசையில் ஒரு தடியன், என்னைப் போலவே தொண்டை. அவள் முதல் ஃப்ரீ கிக்கைக் கொடுத்ததும் எழுந்தான், வாயைத் திறந்தான், சரக்கு கிடைக்காமல் தவித்தான். எனக்கு அந்த அவஸ்தை தெரியும். கடைசியில், வீட்டுக்குப் போய் இலை சுருட்டச் சொல்லிக் கத்தினான். பதினாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சுருட்டித்தான் கொண்டு வந்திருக்கா தம்பி. நான் பஸ்லயே நாலு தின்னேன். இந்தா, நீயும் எடு."

யாஷார் மூடியைத் திறந்தான். தடியன் வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்று எடுத்தான், பிறகு இரண்டு எடுத்தான். கொஞ்ச நேரத்தில் அவன் அணிக்கு எதிராக ஒரு பெனால்டி. வாயில் சோறோடு துள்ளி எழுந்தான்.

"வாத்தியாரே, கண்ணு தெரியுதா உனக்கு, வாத்தியாரே?"

எந்த நடுவரையும் திட்டுவது போலவே திட்டினான், கொஞ்சமும் குறைக்கவில்லை. மைதானத்தில் பெரிஹான் தலையைத் தூக்கிப் பார்த்தாள், இந்தத் தடவை உதட்டைக் கடித்துக்கொள்ளவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கு இன்னும் ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.