நர்சம்மாவுக்குப் பசித்தது

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் நர்சாக இருந்தேன். என் பொறுப்பில் இருந்த ஊர்களுக்கெல்லாம் நடந்துதான் போக வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போன எனக்கு வேளைச் சாப்பாடு கிடையாது. காலையில் வெறும் வயிற்றில் டீ, மத்தியானம் பையில் கிடக்கும் பன். திரும்பி வந்ததும் மறுபடி டீ. ராத்திரி, காலையில் வடித்த சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து, வயிறு முட்டச் சாப்பிட்டு அப்படியே படுத்துவிடுவேன்.

இரண்டு வருஷத்தில் வயிறு கெட்டது. புளியேப்பம், நெஞ்செரிச்சல். இரண்டு வாய் உள்ளே போனாலே கல்லைப் போல் உப்புசம். மருந்துப் பெட்டியிலிருந்த வெள்ளை மாத்திரைகளை மென்றுகொண்டே மலையேறினேன். என் சித்தி வயிற்றில் கட்டி வந்து இறந்தவள். அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அந்தப் பயத்தில் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டுக்காரி. சாமை பயிரிடுகிற மலைக்குடும்பம், என் வயதுதான் அவளுக்கும். அவளுடைய இரண்டாவது பிரசவத்தை நான்தான் பார்த்தேன். ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா நர்சம்மா, எப்பப் பாத்தாலும் வயித்தப் புடிச்சினு கீறீங்க? எளைச்சிப் போய்ட்டீங்க."

"ஒண்ணும் இல்ல. கேஸ் டிரபிள்தான்."

"எங்களுக்கு இப்டி இருந்தா வுடுவீங்களா? பெரியாஸ்பத்திரிக்குப் போன்னு கத்துவீங்க."

அந்த வாரமே லீவு போட்டு வேலூர் போனேன். சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்க வைத்து வயிற்றை எக்ஸ்ரே படமெடுத்தார்கள். மறுநாள் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கட்டியும் இல்ல, புண்ணும் இல்ல" என்றார். வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். பார்த்தவர்கள் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்திருப்பார்கள்.

பயம் போனது, உப்புசம் போகவில்லை. திரும்பும் வழியில் திருப்பத்தூரில் ஓர் ஆயுர்வேத வைத்தியரைப் பார்த்தேன். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு, "உங்களுக்கு நல்லாப் பசிச்சி எவ்ளோ நாளாவுதுங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை.

"வயித்துல நெருப்பு அவிஞ்சி கெடக்குது. அதுமேல வெறகை அடுக்கினே போறீங்க" என்றார்.

சாப்பாட்டுக்கு முன்னால் மோரில் கலந்து குடிக்க ஒரு சூரணம் கொடுத்தார். மற்றதெல்லாம் பழக்கம். எழுந்ததும் டீக்குப் பதில் சீரக வெந்நீர். மத்தியானம்தான் பெரிய சாப்பாடு, அதுவும் சூடாக, உட்கார்ந்து. இருட்டுவதற்குள் கஞ்சி. ராத்திரியில் தயிர் கூடாது. ஊசி போட்டுப் பழகிய எனக்கு இதெல்லாம் வைத்தியமாகவே தோன்றவில்லை.

பக்கத்து வீட்டுக்காரிதான் விடவில்லை. "மத்தியானம் நம்ம வூட்டாண்ட வந்து துன்னுங்க, சூடா இருக்கும்" என்றாள். அதற்காகவே தூரத்து ஊர்களுக்கு விடியற்காலையில் கிளம்பி, உச்சிவேளைக்குள் திரும்பப் பழகினேன். முதல் வாரம் டீ இல்லாமல் தலைவலி மண்டையைப் பிளந்தது. இரண்டாவது வாரம் ஏப்பம் குறைந்தது.

மூன்றாவது வாரம் ஒருநாள், தடுப்பூசி போட்டுவிட்டுச் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். வயிற்றுக்குள் ஏதோ கிள்ளியது. பழைய தொல்லை திரும்பிவிட்டதென்று பயந்து நின்றேன். எங்கோ ஒரு வீட்டில் பூண்டு தாளிக்கும் வாசனை வந்தது. வாயில் எச்சில் ஊறியது. அப்போதுதான் புரிந்தது, அது பசி.

மிச்ச தூரத்தை ஏறக்குறைய ஓடியே கடந்தேன்.

"இன்னா நர்சம்மா, பாம்பு கீம்பு தொரத்துதா?" என்று அவள் பதறி எழுந்தாள்.

"பசிக்குது. சோறு போடு."

அவள் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் கிடந்த குழந்தை விழித்துக்கொண்டது. சாமைச் சோறும் கொள்ளு ரசமும் போட்டாள். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டுக் களத்தில் மெதுவாக நடந்தபடி, வயிறு கல்லாவதற்காகக் காத்திருந்தேன். நிழல் நீளும் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் அவசரப் பிரசவங்களில் வேளை தவறியதுண்டு. ஒன்றிரண்டு நாள் கஞ்சியோடு இருந்தால் சரியாகிவிடும். அந்த வருஷம் ஆடி மாதம், இளைத்தபோது பிடித்துத் தைத்திருந்த ரவிக்கைகளின் தையலையெல்லாம் பிரித்துத் தளர்த்த வேண்டியிருந்தது.