சுவரைப் பார்த்து வாசித்தவள்

கலிச்சா அக்காவின் குரல் எங்கள் கிர்கிஸ் மலையூரான அத்-பாஷியில் எல்லோருக்கும் தெரியும். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியின் முன்னால் உட்கார்ந்து, நரின் போகிற வண்டி, பிஷ்கெக் போகிற வண்டி என்று அறிவிப்பது அவள் வேலை. ஓட்டுநர்கள் அவளைச் சீண்டாமல் கிளம்ப மாட்டார்கள். கூபாத் என்ற ஓட்டுநர் ஒருமுறை கேட்டார்: "அக்கா, வீட்டுக்காரர் இருந்தப்போ அவரைச் சாப்பிடவும் இப்படித்தான் கூப்பிடுவியா? சூப்பு இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்னு?"

"கூப்பிட்டேன். அவரும் உன் வண்டி மாதிரிதான், ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்ல" என்றாள் அவள்.

கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் எல்தியார் மாஸ்கோவில் கட்டட வேலை செய்கிறான். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். வேலை முடிந்து மதியம் வந்து கதவைச் சாத்தினாள் என்றால், ஊருக்கே பேசிக் களைத்த அந்தக் குரலுக்கு அதன் பிறகு பேச ஆள் கிடையாது.

பழைய கூட்டுப்பண்ணை நூலகத்தைக் காலி செய்து போன் கடை வைத்தபோது, புத்தகங்களை வாசலில் குவித்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் இரண்டு தடிமனான புத்தகங்களை எடுத்து வந்தாள். அடுப்பு மூட்டத்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஒன்றில் பழைய கிரேக்க நாடகங்கள். மற்றதில் இந்தியாவின் சமஸ்கிருத நாடகங்கள். இரண்டும் ரஷ்ய மொழி வழியாகக் கிர்கிஸ் மொழிக்கு வந்தவை.

"கிழிக்கலாம்னு பிரிச்சேன்" என்றாள் என்னிடம். "பக்கத்துக்குப் பக்கம் பேசிக்கிட்டே இருக்காங்க. ஒருத்தர் பேசினா இன்னொருத்தர் பதில் சொல்றாங்க. வீட்டுல அப்படிப் பேச்சு கேட்டு எவ்வளவு நாளாச்சு. எப்படிக் கிழிக்கிறது?"

அவள் மனதுக்குள் வாசிப்பவள் இல்லை. ராஜாவுக்கு ஒரு குரல், தூதனுக்கு ஒரு குரல், பெண்கள் கூட்டத்துக்கு ஒரு குரல் என்று எல்லோருடைய பேச்சையும் உரக்கப் பேசுவாள். எங்கள் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே நான் அதைக் கேட்பேன். இந்திய நாடகத்து விதூஷகனுக்கு எப்போதும் பசி. அவன் வருகிற இடங்களில் கூபாத்தின் குரலில் பேசுவாள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். பிஷ்கெக்கில் இலக்கியம் படித்தேன். கிரேக்க நாடகத்துக்கு ஒரே ஒரு வகுப்பு. சமஸ்கிருத நாடகம் பாடத்தில் ஒரு வரி. பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன், நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஒரு நாடகத்தையாவது வாசித்தேனா என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் ராணியாகவும் வேலைக்காரியாகவும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தபோது, நான் இத்தனை வருடம் என்ன படித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"எது அக்கா உனக்குப் பிடிக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இந்தியாக்காரங்க நல்லவங்க. எவ்வளவு தூரம் பிரிஞ்சு போனாலும் கடைசியில சேர்த்து வெச்சுடறாங்க. மழை பெய்யணும், ஊர் நல்லாயிருக்கணும்னு வாழ்த்தி முடிக்கிறாங்க."

"கிரேக்கர்கள்?"

"அவங்க வீட்டு வாசல்ல எப்பவும் ஒரு தூதன் வந்து நிக்கிறான். யாரு செத்தாலும் நம்ம கண்ணுக்குக் காட்டறதில்ல. அவன் வந்து சொல்றதுதான். அவன் வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் புத்தகத்தை ஒருவாட்டி மூடித் திறப்பேன்." பிறகு அவளே சொன்னாள்: "ஆனா அதைத்தான் அதிகமா படிக்கிறேன். ஏன்னு தெரியல."

எல்தியார் எப்படி இருக்கிறான் என்று யார் கேட்டாலும், "நேத்துதான் பேசினான், நல்லாயிருக்கான்" என்பாள். அம்மாவிடமும் அதே பதில். நாங்கள் அதை நம்பாமலிருக்கக் காரணம் ஏதும் இல்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு வெயில் அடித்ததால், தெருவில் எல்லோரும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கம்பளங்களை வெளியே இழுத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. கப்பலில் துடுப்புப் போடப் போன மகனுக்காகத் துறைமுகத்து ஊர் ஒன்றில் காத்திருக்கும் தாயின் கதை. தூதன் பேசி முடித்தான். அடுத்து தாயின் புலம்பல் வந்தது.

அந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் கிரேக்கத்தை விட்டுவிட்டு, எங்கள் பெண்களிடம் கேட்டு எழுதியிருக்க வேண்டும். எங்கள் ஒப்பாரியின் நடை, எங்கள் ஒப்பாரியின் சொற்கள். அதை யாரும் வசனம்போலப் பேச முடியாது. நாக்கு தானாகவே ராகத்துக்குப் போய்விடும்.

அம்மாவின் கையிலிருந்த குச்சி நின்றது. "யாரு போயிட்டா?"

"யாரும் போகலம்மா. நாடகம் படிக்கிறா."

"நாடகத்துக்கு எவளாவது இப்படி அழுவாளா? நல்லாக் கேளுடி, ஊல்ஜான்."

கேட்டேன். எனக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அம்மா முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு போய் அவள் கதவைத் தள்ளிப் பார்த்தாள். கலிச்சா அக்கா தரையில், வாசலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் அவள் பின்னால் இருந்தது. தோளுக்கு மேலாக வெளிச்சம் புத்தகத்தில் விழும் என்பதால் அவள் எப்போதும் அப்படித்தான் உட்காருவாள். ஆனால் எங்களில் சாவு விழுந்த வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் உட்காருவாள். வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துப் பாடுவாள். சாவில்லாமல் அந்தப் பாட்டை முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். மடியில் இருந்த புத்தகம் அம்மாவின் கண்ணில் படவில்லை. அவள் உள்ளே போகாமல் திரும்பித் தெருவுக்கு ஓடினாள். சாவு வீட்டுக்குள் தனியாக நுழையக் கூடாது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. செத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவள் ஒப்பாரி வைக்க, மகனை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பெரியவர் சாதிர்பாயை முன்னால் விட்டுக்கொண்டு ஆண்கள் தெருமுனையிலிருந்தே, முறைப்படி, உரக்க அழுதபடி வந்தார்கள். "என் ஈரக்குலையே! என் ஈரக்குலையே!" பின்னால் பெண்கள்.

உள்ளே வாசிப்பு நின்றது.

தூரதேசத்தில் ஒருவர் இறந்தால் அதை வீட்டாரிடம் போனில் சொல்வது எங்கள் வழக்கமில்லை. பெரியவர்கள் கூட்டமாகப் போய்த்தான் சொல்வார்கள். கலிச்சா அக்கா என்ன நினைத்திருப்பாள் என்பது, அவள் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எப்போ?" என்றாள் கலிச்சா அக்கா.

"நீதான்டி சொல்லணும், கண்ணு."

"எங்க வெச்சு? வேலை செய்யற இடத்துலயா?"

"ஐயோ, அதுகூட உனக்குச் சொல்லலையா?"

"நீங்கதானே சொல்ல வந்திருக்கீங்க. சுத்தி வளைக்காதீங்க, பெரியப்பா. நேராச் சொல்லுங்க."

சாதிர்பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். "உனக்கு யாரும்மா போன் பண்ணினது?"

"எனக்கு யாரு போன் பண்றா?"

"அப்போ எதுக்கு ஒப்பாரி வெச்சே?"

அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். வெளியே சில ஆண்கள் விஷயம் தெரியாமல் இன்னும் அழுதுகொண்டிருந்தார்கள்.

அவள் உடனே நம்பிவிடவில்லை. "மறைக்காதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ரொட்டியைக் கையில் பிடித்து, தனக்கு ஒன்றும் தெரியாது என்று சாதிர்பாய் சத்தியம் செய்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

அப்போது கூபாத் தலையை நீட்டினார். சாவுக்கென்று முற்றத்தில் கூடாரம் போட, கழிகளையும் கம்பளிகளையும் அதற்குள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். "இறக்கட்டுமா? எந்தப் பக்கம் போடறது?"

"திருப்பிக் கொண்டு போ" என்றார் சாதிர்பாய். "யாரும் சாகல."

"யாரும் சாகலயா? அப்புறம் இது எதுக்கு?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உயிரோட இருக்கிற புள்ளைக்கு ஒப்பாரி பாடியிருக்கியே, உனக்குப் புத்தி இருக்கா?"

"அவனுக்குப் பாடல. இதுல வர்ற துடுப்புக்காரனுக்கு."

"அவன் யாரு? எந்த ஊரு?"

"கிரேக்கன். போய்ச் சேர்ந்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு."

"நாப்பதாம் நாள் விருந்தும் போச்சா அப்போ" என்றார் கூபாத். ஓரிருவர் சிரித்தார்கள். சிரிப்பு பரவவில்லை. நடந்தது அபசகுனம். எண்ணெய் காய்ச்சி மாவைப் பொரித்து மணம் எழுப்ப வேண்டும், முன்னோர்கள் மனம் குளிர வேண்டும் என்று பெண்கள் அவள் அடுப்பைப் பற்ற வைத்தார்கள்.

"அதெல்லாம் சரி. முதல்ல பையனுக்குப் போன் போடு" என்றார் சாதிர்பாய். "அவன் குரலை ஒருவாட்டி கேட்டுட்டா எங்களுக்கும் மனசு ஆறும்."

"வேலையில இருப்பான்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

"தூங்குவான்."

"எழுப்பு."

அவள் போனை எடுக்கவில்லை. அம்மா சொன்னாள்: "நேத்துதானே பேசினான்னு சொன்னே?"

மாவு பிசைந்துகொண்டிருந்த பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். கலிச்சா அக்கா, வண்டி ரத்தானதை அறிவிக்கிற குரலில் சொன்னாள்: "ஆறு உறைஞ்சு கிடந்தப்போ பேசினான். வந்துடுடா, இங்கேயே ஏதாவது பார்த்துக்கலாம்னேன். அப்புறம் பேசறேன்னான். அதுக்கப்புறம் போன் அணைஞ்சே கிடக்கு."

அவள் வாசித்தாளா, அழுதாளா? அது அவளுக்கே தெரிந்திருக்குமா? புத்தகத்தில் அந்தத் தாய்க்குச் செய்தியாவது வந்தது.

முதலில் அசைந்தது கூபாத்தான். "என் தங்கச்சி வீட்டுக்காரன் அங்கதான் இருக்கான்" என்று போனை எடுத்தார். பிறகு ஒவ்வொருவராக. மாஸ்கோவில் ஆள் இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. தம்பி, மச்சான், மருமகள் என்று எல்லோரும் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பொரித்த மாவு தட்டு தட்டாக வந்தது. லாரி கூடாரத்தோடு அப்படியே நின்றது. இறக்கு என்றும் எடுத்துப் போ என்றும் அதன் பிறகு யாரும் சொல்லவில்லை. கலிச்சா அக்கா அந்த லாரியின் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

பொழுது சாயும்போது கூபாத்தின் போன் அடித்தது. திரையில் எல்தியாரின் முகம், இளைத்து, தாடியோடு. முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கூபாத் போனை அவளிடம் கொடுத்தார்.

"என்னம்மா, எனக்கு ஒப்பாரி வெச்சியாமே. இங்க ஊர்ப் பசங்க எல்லாம் என்னைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க."

"போன் ஏன்டா போடல?"

"சாரத்துலேர்ந்து விழுந்து கை ஒடிஞ்சுபோச்சு. வேலை போச்சு. சொன்னா, வா வான்னு அழுவே. வெறுங்கையோட வந்து அங்க என்ன செய்ய?"

"காட்டு."

கையைக் காட்டினான். சேர்ந்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. அவள் திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டாள். படம் நழுவி விகாரமாகப் பெரிதானது. பின்னாலிருந்து ஆளாளுக்கு, "உங்கம்மாவைப் படுத்தறியேடா", "தாடியை எடு, பாக்கச் சகிக்கல" என்று கத்தினார்கள். "வாராவாரம் பேசறேன், சத்தியமா" என்றான் அவன். லாரி கிளம்பிப் போனது. அபசகுனம் கழிந்தது என்று ஊர் கலைந்தது.

சொன்னபடியே பேசினான். ஒவ்வொரு ஞாயிறும் மதியம் போன் அடிக்கும். ஜூன் மாதத்தில் ஒருநாள், அம்மா கொடுத்தனுப்பிய தயிரோடு நான் அங்கே இருந்தேன்.

"இருக்கேன்மா" என்றான்.

"சாப்பிட்டியா?"

"மக்ரோனி."

"கை?"

"பரவால்ல. புது இடத்துல சேர்ந்துட்டேன். நீ?"

"நல்லாயிருக்கேன்."

அங்கே யாரோ அவனைக் கூப்பிடுவது கேட்டது. அவள் வாயைத் திறந்து, மூடினாள். எப்போது வருவாய் என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"வேற என்னம்மா?"

"வேற ஒண்ணுமில்லடா."

"சரி. அடுத்த ஞாயித்துக்கிழமை."

போனைக் கவிழ்த்து வைத்தாள். "அவன் அப்படிக் கேக்கறப்போ நான் என்ன சொல்லணும்னு யாராவது எழுதி வெச்சிருந்தா நல்லாயிருக்கும், ஊல்ஜான்" என்றாள். "படிச்சிருக்கியே, எதுலயாவது இருக்கா?"

இல்லை என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நான் படித்ததெல்லாம் பெயர்கள்தான்.

அவள் தேநீர் ஊற்றினாள். எங்கள் வீடுகளில் கிளம்ப வேண்டிய விருந்தாளிக்குத்தான் கிண்ணத்தை நிறைப்பார்கள்; இன்னும் இருக்க வேண்டியவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். அவள் எனக்குக் கிண்ணத்தின் அடியில் ஒரு வாய்க்கு மட்டும் ஊற்றினாள். குடித்துவிட்டு நீட்டினேன். மறுபடியும் அவ்வளவுதான் ஊற்றினாள்.