கரி பஸ்ஸின் வால்வு

இன்று காலை லூனாஸ் ஊரில் கரி பஸ் ஏறினேன். பெட்ரோலெல்லாம் நாட்டைப் பிடித்த ஜப்பான்காரர்களுக்கு. நமக்கு பஸ்ஸின் பின்னால் கட்டிய கரி அடுப்பிலிருந்து வரும் கேஸ்தான்.

வண்டி நின்றதும் கேஸ் குழாயின் வால்வை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கேஸ் உள்ளே கசிந்து ஆளைச் சாய்த்துவிடும். மழைக்காக ஜன்னல்களை வேறு சாத்தியிருந்தோம்.

பாலத்தில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினான். டிரைவர் குதித்து இறங்கினார்.

"அண்ணே, வால்வு!" என்றார் பக்கத்து சீட் அக்கா.

"மொதல்ல சிப்பாய்க்குக் குனிஞ்சு கும்பிடணும்லா. இல்லாட்டி அறை எனக்குத்தான்க்கா."

சிறிது நேரத்தில் கேஸ் ஏறித் தலை சுற்றி, எல்லோரும் அவரவர் முன்னால் இருந்த சீட்டில் நெற்றியைச் சாய்த்துவிட்டோம்.

சிப்பாய் எட்டிப் பார்த்தான். இவ்வளவு தாழக் குனிந்த பஸ்ஸை அவன் கண்டதில்லை போலும். சோதனை இல்லாமலே போகச் சொன்னான்.

நாளையும் இதே பஸ்தான். வால்வை அடைக்கச் சொல்வதா என்று அக்காவும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?